இரும்புக்கு முன்னால் துணி: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டுப் போர்களை, நடந்த களத்திலேயே, அந்தக் கால உடையும் கவசமும் அணிந்து நிகழ்த்திக் காட்டும் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இடம் இருக்கும் வரை பதில் எழுதுகிறேன். கேட்டவர்கள் பலர் என்னைக் கொல்லர் என்று நினைத்திருக்கிறார்கள். நான் தையல்காரி. திண்டுக்கல்லில் அப்பாவின் தையல் கடையில் காஜா எடுத்து வளர்ந்தவள். இப்போது யார்க்‌ஷயரில் இருந்துகொண்டு, கவசத்துக்கு உள்ளே போடும் மெத்தைச் சட்டைகளைத் தைத்துக் கொடுக்கிறேன். பதினொரு வருடமாக இதுதான் என் தொழில்.

“அக்கா, நான் கோவைக்காரன். வேலைக்காக லெஸ்டர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போஸ்வொர்த் போர்க்கள நிகழ்ச்சியைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. முழுக் கவசம் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கிவிடட்டுமா?”
– வாசகர், லெஸ்டர்

தம்பி, வேண்டாம். இந்த வருடம் இரும்பில் ஒரு பவுண்டுகூடப் போடாதீர்கள். முதலில் ஒரு குழுவில் சேருங்கள். புதிதாக வருபவர்களுக்கு ஹெல்மெட், சட்டை எல்லாம் இரவல் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலான குழுக்களில் உண்டு. ஒரு கோடைக்காலம் முழுக்க இரவல் சாமானில் நில்லுங்கள். அதற்குள் உங்கள் அளவுக்கு ஒரு டப்லெட், அதாவது கவசத்துக்கு உள்ளே போடும் மெத்தைச் சட்டை, தைத்துக்கொள்ளுங்கள். இரும்பு அதற்குப் பிறகு.

காரணம் சொல்கிறேன். தகட்டுக் கவசம் உடம்பின் மேல் உட்காருவதில்லை, உள்ளே இருக்கும் சட்டையின் மேல் உட்காருகிறது. தொடைக் கவசம், கைக் கவசம் எல்லாம் அந்தச் சட்டையில் நாடா போட்டுக் கட்டித் தொங்குபவை. இந்த நாடாவுக்கு இங்கே ‘பாயிண்ட்’ என்று பெயர். சட்டை தொளதொளவென்று இருந்தால் கால் கவசத்தின் எடை முழுக்கத் தோளை இழுக்கும். இடுப்பில் பிடித்து உட்கார்ந்தால் அதே எடை இடுப்பு எலும்பில் இறங்கிவிடும், தோளுக்குத் தெரியாது. கவசத்தை வாங்கிவிட்டு அப்புறம் சட்டை தைப்பவர்களுக்கு, மெத்தையின் கனம் சேர்ந்ததும் மார்புத் தகட்டின் பக்கிள் (வார்ப்பூட்டு) மாட்டாமல் போகும். அப்படி என்னிடம் வந்து நின்றவர்கள் நிறைய.

இதை நானும் பட்டுத்தான் படித்தேன். முதல் முதலாக ஒரு நண்பருக்குத் தைத்த டப்லெட்டில், அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே கைக்குழியைத் தாராளமாக, அக்குளுக்கு மூன்று விரற்கடை கீழே இறக்கி வெட்டினேன். நம் ஊர்ச் சட்டைக்கு அதுதான் முறை. காற்று போக வேண்டும் அல்லவா! அதைப் போட்டுக்கொண்டு அவர் களத்தில் கையைத் தூக்கினார். கையோடு சட்டை மொத்தமும் தூக்கிக்கொண்டது. சட்டையில் கட்டியிருந்த கால் கவசமும் சேர்ந்து மேலே ஏறித் தொடை இடுக்கில் வெட்டியது. மாலையில் அந்தச் சிவந்த கோட்டைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்குழி சின்னதாக, அக்குளை ஒட்டி உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கை மட்டும் தனியாக ஏறும், உடம்புத் துணி அசையாது. பிரான்சில் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் சார்லஸ் தெ ப்ளுவா என்ற பிரபு அணிந்ததாகச் சொல்லப்படும் மெத்தைச் சட்டை ஒன்று இருக்கிறது. அவர் இறந்தது 1364-இல். அதில் கையின் மேல்பாகம் மார்பு வரைக்கும் முதுகு வரைக்கும் வட்டமாக ஓடி வருகிறது. அந்த வெட்டைப் பார்த்துப் பார்த்து நான் மறுபடி தைத்த சட்டையைத்தான் அந்த நண்பர் இன்றும் போடுகிறார்.

அளவு எடுக்கும்போது இன்னொன்று. பேன்ட் நிற்கும் இடம் இடுப்பல்ல. நேராக நின்று ஒரு பக்கமாகச் சாயுங்கள். விலாவுக்குக் கீழே மடிப்பு விழும் இடம்தான் உண்மையான இடுப்பு. சட்டையும் மார்புத் தகடும் இறுகிப் பிடிக்க வேண்டியது அந்தக் கோட்டில். தள்ளுபடியில் வரும் செட்டுகளில் பெரும்பாலும் மார்புத் தகடு அதற்கு நான்கு விரல் கீழே வரை நீளும். போட்டுக்கொண்டு குனிந்தால் கீழ் விளிம்பு தொடையில் இடிக்கும், மேல் விளிம்பு தொண்டையில் ஏறும்.

“பஞ்சும் துணியும் கத்தியைத் தடுக்குமா? கேட்கவே நம்ப முடியவில்லை.”
– வாசகி, சேலம்

தடுக்கும். சாதாரண வீரனுக்கு அதுதான் கவசமே. பிரான்ஸ் அரசர் பதினோராம் லூயி காலத்து ஆணை ஒன்றில், ‘ஜாக்’ என்ற மெத்தைச் சட்டைக்கு முப்பது மடிப்புத் துணி வேண்டும், குறைந்தது இருபத்தைந்தும் மேலே ஒரு மான் தோலும் வேண்டும் என்று இருக்கிறது. பழகி மெலிந்த லினன் துணியை இருபத்தைந்து அடுக்கு வைத்து நெருக்கித் தைத்துப் பாருங்கள், ஊசி இறங்காது. நான் தைக்கும்போது தோல் தைக்கும் ஊசியும், பின்னால் இடுக்கியும் இல்லாமல் ஒரு தையல்கூட வெளியே வராது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சந்தோஷமான செய்தி. இந்த மெத்தைச் சட்டையின் பழைய ஆங்கிலப் பெயர்களில் ஒன்று ‘ஆக்டன்’. அது பருத்தியைக் குறிக்கும் ‘அல்-குத்ன்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பருத்தி விளையாத நாட்டில் கவசத்துக்கே பருத்தியின் பெயர்! 1322-இல் லண்டன் கவசக்காரர்களுக்குப் போட்ட விதியில், பட்டு உறை போட்ட ஆக்டனுக்குள் என்னென்ன திணிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புதிய பருத்தித் துணி அதில் உண்டு. ஹெல்மெட்டுக்கும் அதே விதியில் ஒரு கட்டுப்பாடு: துணி உறை போட்டு மூடி விற்கக் கூடாது, இரும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். உடைந்த பழைய ஹெல்மெட்டை உறைக்குள் மறைத்து விற்றிருக்கிறார்கள். வாங்கும் முன் லைனிங்கைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள் என்று நானும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

“இணையத்தில் பார்த்து வளையக் கவசம் செய்ய ஆசைப்படுகிறேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். எந்தக் கம்பி வாங்குவது? எத்தனை வளையம் வேண்டும்?”
– மாணவர், ஓசூர்

முதலில் ஒரு எச்சரிக்கை. கடையில் பளபளவென்று கிடைக்கும் ஜி.ஐ. கம்பியைச் சூடாக்காதீர்கள். மேலே உள்ள துத்தநாகம் புகையாகி மூச்சில் ஏறினால் குளிரும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுவீர்கள். கட்டட வேலையில் கம்பி முறுக்கப் பயன்படும் கறுப்புக் கட்டுக் கம்பி இருக்கிறதே, அது போதும். 18 கேஜ் என்று கேளுங்கள், ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் வரும். ஏற்கெனவே பதமாக்கிய மெல்லிரும்பு அது. பழைய வளையங்களும் மெதுவான இரும்பில் செய்தவைதான்.

எட்டு மில்லிமீட்டர் கம்பித் தண்டில் சுற்றுங்கள், ஸ்பிரிங் மாதிரி வரும். வளையம் வளையமாக வெட்டும்போது இரு முனையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி கொஞ்சம் மிச்சம் விட்டு வெட்ட வேண்டும். அந்த ஏறிய இடத்தைச் சின்னப் பட்டறைக் கல்லில் வைத்து ஒரே அடி. கம்பி அரிசியைத் தட்டிய மாதிரி பட்டையாகும். அந்தப் பட்டையில் ஊசிமுனைத் துளைப்பான் வைத்து ஒரு ஓட்டை. இப்போது வளையத்தைக் கொஞ்சம் விரித்து, அக்கம்பக்கத்து நான்கு வளையங்களை உள்ளே கோத்து, திரும்ப மூடி, ஓட்டைக்குள் குட்டியூண்டு ஆப்பு ஒன்றைச் செருகி, குறட்டால் நசுக்குங்கள். ஆப்பின் தலை மிளகில் கால்வாசி அளவுக்கு உருண்டு நிற்கும். அதைப் பெருவிரலால் தடவினால் நகத்தில் மாட்டக் கூடாது. மாட்டினால் உள்ளே போடும் துணியை அது அறுக்கும். ஆப்பு அடிக்காமல் முனைகளைச் சும்மா சேர்த்து வைத்த வளையங்கள் ஒரு குத்துக்கு வாயைத் திறந்துவிடும்.

ஒரு முழுச் சட்டைக்கு 25,000 வளையம் என்று வையுங்கள். கை பழகிய பிறகு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 800 மணி நேரத்துக்கு மேல். ஆகவே முதலில் கழுத்துப் பட்டை ஒன்றைச் செய்யுங்கள். கழுத்தையும் மேல்தோளையும் மூடும் அந்தத் துண்டே ஒரு முழு வேலை. துணிக்கு நெடுக்கும் குறுக்கும் இருப்பது போல வளையப் பின்னலுக்கும் உண்டு. ஒரு திசையில் நன்றாக விரியும், மறு திசையில் அவ்வளவு விரியாது. விரியும் திசை மார்பைச் சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் மூச்சை இழுக்கும்போது இறுக்கும். இதைக் கவனிக்காமல் பாதிச் சட்டை பின்னி முடித்த பிறகு பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் இந்தக் குழுக்கள் அணியும் ஆப்பு வைத்த வளையச் சட்டைகளில் பெரும்பகுதி வட இந்தியப் பட்டறைகளில் கையால் செய்து ஏற்றுமதி ஆவது. டேராடூன், மீரட் பக்கம் இது பெரிய தொழில். இங்கே களத்தில் ‘இது இந்தியச் சட்டை’ என்று அசட்டையாகப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்த ஆயிரக்கணக்கான ஆப்புகளையும் யாரோ ஒருவர் தம் விரலால் செருகியிருக்கிறார். நீங்கள் பத்து வளையம் அடித்துப் பாருங்கள், அதன் பிறகு அந்தச் சட்டையைப் பார்க்கும் பார்வையே மாறும்.

“25 கிலோ இரும்பைப் போட்டுக்கொண்டு எப்படி நடக்கிறார்கள்? விழுந்தால் எழுந்திருக்க முடியாதாமே?”
– வாசகர், புதுச்சேரி

விழுந்து எழுந்திருக்கிறோம். குதிரையில் ஏற்றக் கிரேன் வேண்டும் என்பதெல்லாம் சினிமா. பூசிகோ என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுத் தளபதி ழான் ல மேங்க்ர், ஹெல்மெட் தவிர மற்ற கவசம் முழுதும் அணிந்து குட்டிக்கரணம் போட்டதாக அவர் காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது.

ஆனால் களைப்பு உண்மை. 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கவசம் அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவிட்டு அளந்தார்கள். நடப்பதற்கு வேண்டிய சக்தி இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காலில் கட்டிய எடையை ஒவ்வொரு அடிக்கும் வீசித் தூக்க வேண்டியிருப்பது ஒரு காரணம். மார்புத் தகடு நெஞ்சை விரியவிடாததால் மூச்சு ஆழமாகப் போகாமல் வேகவேகமாக ஓடுவது இன்னொன்று. இங்கிலாந்தின் டூக்ஸ்பரி நகரில், அங்கே 1471-இல் நடந்த போரை ஒவ்வொரு ஜூலையும் நிகழ்த்துகிறார்கள். அசல் போர் நடந்தது மே 4. ஜூலை வெயிலில் தகட்டைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடும். நான் தண்ணீர்க் குடத்தோடு வரிசைக்குள் ஓடுவேன். குடிக்க மறுப்பவரை விடமாட்டேன். பேச்சு குழறுகிறது, வியர்வை நின்றுவிட்டது என்றால் அந்த நிமிடமே நாடாக்களைக் கத்தரித்துக் கவசத்தைக் கழற்ற வேண்டும். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. கத்தரிக்கோல் எப்போதும் என் இடுப்பில் இருக்கும்.

“பெண்கள் அணியும்போது மார்புத் தகட்டைப் பெண் உடலுக்கேற்ப வளைப்பார்களா?”
– வாசகி, டொராண்டோ

சினிமாவில் வருவது போல இரண்டு குமிழாக வளைத்தால், விழும் அடி நடுப் பள்ளத்தில் சறுக்கி நேராக நெஞ்செலும்பில் போய் இறங்கும். 15-ஆம் நூற்றாண்டுத் தகடே நடுவில் உப்பி இடுப்பில் ஒடுங்கியது. எங்கள் வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் அதே வடிவம்தான், அளவு மட்டும் வேறு.

“மகன் பிரிஸ்டலில் படிக்கிறான். கோடை விடுமுறைக்குக் கவசத்தோடு வந்துவிட்டான். சென்னைக் காற்றில் இரண்டே நாளில் துரு. என்ன பூசுவது?”
– வாசகி, பெசன்ட் நகர்

தையல் மெஷின் எண்ணெய், அம்மா. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துக் காறல் வாடை வரும். ஈரமில்லாத பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மெல்லிசாகப் பூசச் சொல்லுங்கள். வெறுங்கையால் தொட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாக எழும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். வளையச் சட்டைக்கு அந்தக் காலத்து முறை ஒன்று உண்டு. மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். பழைய பெயின்ட் வாளியில் மூடி போட்டு உங்கள் மகன் மொட்டை மாடியில் உருட்டலாம், மணல் மட்டும் கடற்கரை மணலாக இருக்கக் கூடாது. உப்பு!

“இதெல்லாம் எதைப் பார்த்துச் செய்கிறார்கள்? அறுநூறு வருடத்துத் துணி மிஞ்சியிருக்குமா? வரலாறு படிக்கும் மாணவி நான்.”
– பாளையங்கோட்டை

இரும்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கிளாஸ்கோவின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் 1440 வாக்கில் மிலன் நகரத்தில் செய்த கவசம் ஒன்று இருக்கிறது. ‘அவாண்ட்’ என்ற சொல் அதில் பொறிக்கப்பட்டிருப்பதால் அதுவே அதன் பெயர். என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. வாரிக் நகரில் புனித மேரி ஆலயத்தில் 1439-இல் இறந்த ரிச்சர்ட் போஷாம் பிரபுவின் வெண்கலப் படுத்த சிலை இருக்கிறது. முழுக் கவசத்தில் கைகளை உயர்த்திப் படுத்திருப்பார். மல்லாந்து படுத்த சிலைக்கு முதுகு எதற்கு? செய்தவர்கள் முதுகையும் விடவில்லை. எந்தப் பட்டை எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கிள் எந்தப் பக்கம் பூட்டுகிறது என்று கண்ணில் படாத அந்தப் பின்பக்கத்தையும் வார்த்து வைத்திருக்கிறார்கள். சிலையைத் தூக்கி எடுத்த படங்களைப் பார்த்துத்தான் இன்று கவசம் செய்பவர்கள் முதுகுப் பட்டைகளை வைக்கிறார்கள்.

துணி மக்கிப் போனாலும் தடயம் விடும். சுவீடனின் காட்லாண்ட் தீவில் 1361 ஜூலை 27-இல் டென்மார்க் படையிடம் உள்ளூர் விவசாயிகள் வெட்டுப்பட்டு விழுந்தார்கள். விஸ்பி நகர மதிலுக்கு வெளியே அவர்களைக் கவசத்தோடேயே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். துணிக்கு உள்ளே இரும்புத் துண்டுகளை ஆணியடித்துத் தைத்த சட்டைகள் அவை. 20-ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது துணி போய்விட்டது, தகடும் ஆணியும் மிஞ்சியிருந்தன. எந்தத் தகடு எதை ஒட்டிக் கிடந்தது என்று குறித்து வைத்து, இல்லாமல் போன சட்டையின் வெட்டைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். தலையோடு ஒட்டிய வளையத் தொப்பிக்குள் மண்டையோடு அப்படியே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் ஊசி எடுக்கவில்லை. வயிற்றுப்பாட்டு வேலையை விட்டு வந்து நின்றவர்கள் அவர்கள். களத்தில் ஊரார் கைதட்டும்போது இதை மறந்துவிடக் கூடாது என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். இங்கே யார்க்‌ஷயரில், டவ்டன் என்ற ஊரில் 1461 மார்ச் 29-இல் பனி கொட்டக் கொட்டப் போர் நடந்தது. 1996-இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஒரு குழியில் முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. பலருக்கும் வெட்டு தலையில்தான், ஒருவருக்கே பல வெட்டு. ஹெல்மெட்டின் நாடாவை இழுத்துக் கட்டுங்கள் என்று நான் கத்துவது பாதுகாப்பு விதிக்காக மட்டும் அல்ல.

“ஒருவர் கவசம் அணிய எத்தனை பேர் வேண்டும்? எவ்வளவு நேரம்?”
– வாசகர், ஈரோடு

தெரிந்த ஒருவர் கூட இருந்தால் இருபது நிமிடம், தெரியாத இருவர் என்றால் ஒரு மணி நேரம். காலிலிருந்து தொடங்க வேண்டும். மார்புத் தகடு ஏறிவிட்டால் குனிந்து முழங்கால் கவசம் கட்ட முடியாது. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்று, தரையில் நின்று போரிடுபவருக்குக் கவசம் அணிவிக்கும் வரிசையை அப்படியே தருகிறது. உள்ளே வேறு சட்டை கூடாது, டப்லெட் மட்டும்; அதன் துணியில் நிறைய துளைகள் வெட்டியிருக்க வேண்டும்; முழங்காலில் உரசாமல் மெல்லிய கம்பளித் துண்டு சுற்ற வேண்டும். நாடாக்களைக் குறுக்குவில் நாண் செய்யும் நூலில் முறுக்கி, செருப்புத் தைப்பவரின் மெழுகு பூசச் சொல்கிறது. அப்போதுதான் நீளாது, அறாது. பருத்தி நாடாவில் நான் கட்டிப் பார்த்திருக்கிறேன். வியர்வை பட்டதும் நீண்டு, நடுக்களத்தில் தொடைக் கவசம் முழங்காலுக்கு இறங்கிவிடும்.

களத்துக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களுக்கும் அதே சுவடியில் பட்டியல் இருக்கிறது. கூடாரம், நாற்காலி, ரொட்டி, ஒயின், சுத்தியல், குறடு, ஒரு டஜன் சின்ன ஆணி, அத்தோடு ஒரு டஜன் கட்டு உபரி நாடா. ஒயினைத் தவிர மற்றதெல்லாம் என் கூடாரத்திலும் இருக்கும். அடுத்த ஜூலையில் டூக்ஸ்பரி வருபவர்கள் நாடா அறுந்துபோனால் அங்கே வந்து கேளுங்கள்.